பத்து நிமிடம்... நூற்றைம்பது மூச்சு!

உங்கள் பிள்ளையோ, அண்ணன் மகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ கனடாவில் படிக்கிறானா? டிசம்பர் மாதம் வந்தால் அங்கேயிருந்து ஒரு போட்டோ வரும். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று மலை. நடுவில் தலைக்கவசம், பளபளக்கும் கோட்டு. கீழே மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு வண்டி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கி மாதிரி ரப்பர் பட்டை. "அம்மா, ஸ்னோமொபைல் ஓட்டினேன்!" என்று ஒரு வரி. அம்மா என்ன பதில் போடுவார்? "ஸ்வெட்டர் போட்டியா கண்ணா? சளி பிடிக்கப்போவுது!"

அந்த அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"சித்த வைத்தியருக்கும் பனிமலைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். வெளிநாடு போகும் பிள்ளைக்காகச் சுக்குத்தூளும், தூதுவளை லேகியமும், மார்பில் தேய்க்கத் தைலமும் கேட்டு வருகிற பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். மகிழ்ச்சியோடு கொடுக்கிறேன். குளிரைச் சமாளிக்க அவை உதவும். ஆனால் பனிமலையில் இளம் பிள்ளைகளின் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் குளிர் அல்ல. மூச்சுத் திணறல். அதற்கு என் கடையிலும் மருந்தில்லை, எந்த மருத்துவரின் கடையிலும் மருந்தில்லை. வருமுன் காப்பது ஒன்றுதான் வழி.

ஒரு தகப்பனின் கண்ணீரில் பிறந்த வண்டி

இந்த வண்டியின் கதையே ஒரு மருத்துவக் கதைதான். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூர். அங்கே ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் கடுமையான வயிற்று நோய். பாதையெல்லாம் பனி மூடிக்கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்வதற்கு முன்பிருந்தே முயன்றுகொண்டிருந்த அந்த மனிதர், அதன்பின் அதே வேலையாக இருந்தார். 1937-ல் பலர் உட்காரும் பனி வண்டியைச் செய்து முடித்தார். டாக்டர்களும், பள்ளிப் பிள்ளைகளும், தபால்காரர்களும் அதில் போனார்கள். 1959-ல் ஒருவர் இருவர் ஓட்டும் சின்ன வண்டி வந்தது. அதுதான் ஸ்கீ-டூ. இன்றைய ஸ்னோமொபைலின் முன்னோடி.

உயிர் காக்கப் பிறந்த வண்டி, பிறகு விளையாட்டு வண்டி ஆனது. அதில் தப்பு ஒன்றுமில்லை. நம் ஊரில் சைக்கிளும் அப்படித்தானே! ஆனால் இன்றைய மலை ஸ்னோமொபைல் 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. முழங்கால் புதையும் பனியிலும் செங்குத்தான சரிவில் சீறி ஏறும். பனிச்சறுக்குக்காரர் நாள் முழுக்க மூச்சு வாங்க ஏறும் உயரத்தை, இது சில நிமிடத்தில் ஏறிவிடும். அங்கேதான் ஆபத்தும் ஆரம்பம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ பக்கம் சமதரையில் ஓட்டுகிறவர்களுக்கு உறைந்த ஏரியின் மெல்லிய ஐஸ்தான் பெரிய அபாயம். நான் பேசுவது மேற்கே உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மலைகளையும், அமெரிக்காவின் மொன்டானா, யூட்டா, கொலராடோ, வயோமிங் மலைகளையும் பற்றி. கால்கரியிலும் வான்கூவரிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த மலைகள் சில மணி நேரப் பயணம்தான்.

சரிவு எப்படி உடைகிறது?

பனிச்சரிவு என்றதும் மேலேயிருந்து தானாக உருண்டு வரும் பனி என்றுதான் நினைக்கிறோம். விபத்துகளைப் பார்த்தால் அப்படி இல்லை. ஆட்கள் மாட்டிக்கொள்ளும் பனிச்சரிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை, மாட்டிக்கொண்டவரோ அவரோடு வந்தவரோதான் கிளப்பிவிடுகிறார்கள்!

எப்படி? ஒரு சாய்வான பலகையில் ரவையைப் பரப்புங்கள். அதன்மேல் கெட்டியான ஓர் அட்டையை வையுங்கள். அட்டை சும்மா இருக்கும். லேசாக விரலால் அழுத்துங்கள். அடியிலுள்ள ரவை உருண்டு, அட்டை முழுசாகச் சரிந்து இறங்கும். மலையிலும் இதேதான். ஒரு வாரம் பெய்த பனி, அடியில் சர்க்கரைக் குருணை மாதிரி ஒட்டாமல் கிடக்கும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்று அடித்து, பாளமாக இறுகும். அந்தப் பாளத்தின் மேல் 200 கிலோ வண்டி ஏறினால் அடி அடுக்கு நொறுங்கும். ஏறுகிறவனின் காலடியில் மட்டுமல்ல, அவனுக்கு மேலேயும் பாளம் விரிசல் விட்டு உடையும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. வண்டிக்காரர்களுக்கு மிகவும் பிடித்ததும் அதே சாய்வுதான்!

"யார் அதிக உயரம் ஏறி வளைந்து இறங்குகிறார்" என்று ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் ஏறிய தடத்துக்கு மேலே அடுத்தவன் ஏறுவான், அவனுக்கு மேலே இன்னொருவன். மலை ஸ்னோமொபைல் மரணங்களில் இந்த விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நடந்து போகிறவனுக்கு, அடிப்பனி அமுங்கும்போது "வும்ப்" என்று ஒரு சத்தம் கேட்கும். மலை கொடுக்கும் எச்சரிக்கை அது. எஞ்சின் இரைச்சலில் வண்டிக்காரன் காதில் அது விழாது.

புதைந்தவனுக்கு என்ன ஆகிறது?

இப்போது மருத்துவத்துக்கு வருவோம். மேற்குக் கனடாவில் 1984 முதல் 2005 வரை பனிச்சரிவில் இறந்த 204 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. அவர்களில் 75 சதவீதம் பேர் மூச்சுத் திணறி இறந்தவர்கள். 24 சதவீதம் பேர் மரத்திலும் பாறையிலும் மோதிய காயத்தால் இறந்தவர்கள். உடல் குளிர்ந்து இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஸ்வெட்டர் கேள்வி ஏன் போதாது என்று இப்போது புரிகிறதா?

பனிக்குள் காற்றே இல்லையா? இருக்கிறது. ஆனால் சரிந்து நின்ற பனி சில நொடிகளில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. உள்ளே இருப்பவன் விடும் மூச்சின் ஈரம் வாயைச் சுற்றி உறைந்து, ஐஸ் முகமூடி போல மூடிக்கொள்ளும். விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பான். சிறிது நேரத்தில் மயக்கம். அப்புறம்... சொல்ல வேண்டாம்.

நம் சித்த மருத்துவத்தில் ஒரு நாளைக்கு மூச்சு 21,600 என்று கணக்கு. நிமிடத்துக்குப் பதினைந்து. நான் மாணவனாக இருந்தபோது மனப்பாடம் செய்த கணக்கு இது. பத்து நிமிடத்துக்கு நூற்றைம்பது மூச்சு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். சுவிட்சர்லாந்தில் பல்லாண்டு விபத்துகளை அலசி 2024-ல் வெளியான ஆய்வு என்ன சொல்கிறது? புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிந்து, அரை மணி நேரத்துக்குள் பத்தில் மூன்றாகக் குறைந்துவிடுகிறது. கனடாவிலும் பத்து நிமிடம்தான் அவகாசம் என்று 2011-லேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது.

"ஏன் டாக்டர், சியாச்சினில் ஒரு ராணுவ வீரர் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தாரே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் 35 அடிப் பனிக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். அவர் தங்கியிருந்த கூடாரத்துக்குள் காற்று தங்கியிருந்தது. அவரும் சில நாளில் டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நாடே அழுதது. அப்படிப்பட்ட அதிசயத்தை நம்பி ஒரு பிள்ளையை மலைக்கு அனுப்ப முடியாது.

காப்பாற்றுவது யார்?

பத்து நிமிடத்தில் ஹெலிகாப்டர் வராது. போலீஸ் வராது. மலையின் பெரும்பகுதியில் செல்போனே எடுக்காது. கூட வந்த நண்பன்தான் டாக்டர், அவன்தான் ஆம்புலன்ஸ்!

அந்த நண்பன் கையில் மூன்று பொருள் இருக்க வேண்டும். முதலாவது டிரான்ஸ்சீவர். உடம்போடு கட்டிக்கொள்ளும் சிறு ரேடியோ கருவி. உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசும். புதைந்தவனின் கருவி கூப்பிடும், மேலே இருப்பவனின் கருவி தேடும். இரண்டாவது, மடக்கி நீட்டும் நீளக் கம்பி. பனிக்குள் குத்தி ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க. மூன்றாவது, உலோக மண்வாரி. இறுகிய பனியைக் கையால் தோண்ட முடியாது.

இந்த மூன்றும் வண்டியின் பெட்டியில் இருந்தால் பயனில்லை. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் புதைந்து போவார்கள். டிரான்ஸ்சீவர் உடம்பில், மற்றவை முதுகுப் பையில். செல்போனை அந்தக் கருவியோடு ஒட்டி வைக்கக் கூடாது. அலை குழம்பும். இப்போது முதுகில் மாட்டும் காற்றுப் பையும் வந்திருக்கிறது. இழுத்தால் பலூன் மாதிரி விரிந்து, ஆளைப் பனியின் மேல்மட்டத்தில் மிதக்க வைக்கும். கடுமையாக மாட்டிக்கொண்டவர்களில் இறப்பை ஏறத்தாழ 22 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக அது குறைத்திருக்கிறது என்று 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் கவனியுங்கள்: பாதிதான் குறைந்தது, பூஜ்யம் ஆகவில்லை.

இரண்டு சம்பவங்கள்

2008 டிசம்பர் 28. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி பக்கத்து மலை. ஸ்பார்வுட் என்ற சுரங்க ஊரிலிருந்து வந்த ஸ்னோமொபைல்காரர்கள் ஏழு பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அருகிலிருந்த நண்பர்கள் நால்வர் ஓடிவந்து தோண்டினார்கள். தோண்டிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து இரண்டாவது சரிவு. பதினோரு பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள். மூன்று பேர் மட்டுமே பிழைத்தார்கள். எட்டுக் குடும்பங்களில் சாவு. இருபதுகளில் இருந்தவர்களும் உண்டு, நாற்பதைத் தாண்டியவரும் உண்டு. அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் கனடாவில் பனிச்சரிவால் 26 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் ஸ்னோமொபைல்காரர்கள்.

2010 மார்ச் 13. அதே மாநிலம், ரெவல்ஸ்டோக் ஊர் அருகே போல்டர் மலை. யார் உயரமாக ஏறுவது என்ற கூட்டம். ஏறத்தாழ இருநூறு பேர் அடிவாரத்தில் திரண்டு வேடிக்கை பார்த்தார்கள். அபாயம் என்று எச்சரிக்கை ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. ஏறியவர்கள் பாளத்தை உடைத்தார்கள். கீழே நின்றவர்கள் மேல் அது வந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், சுமார் முப்பது பேர் காயமடைந்தார்கள்.

இரண்டிலும் பாடம் உண்டு. சரிவில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும். ஒருவன் வண்டி சிக்கிக்கொண்டால், உதவ இன்னொருவன் வண்டியோடு ஏறவே கூடாது. இரண்டு வண்டியின் பாரம் சேர்ந்தால் தாங்காத பாளம் உடையும். மற்றவர்கள் சரிவு வந்து சேரும் வழியை விட்டுத் தள்ளி, வண்டியின் முகத்தை வெளியேறும் பக்கம் வைத்து நிற்க வேண்டும். தோண்டப் போகும் முன் தலையைத் தூக்கி மேலே பார்க்க வேண்டும். இன்னும் விழ எதாவது மிச்சம் இருக்கிறதா என்று!

இளைஞர்களைத் திட்டலாமா?

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பயமே கிடையாது" என்று பெருமூச்சு விடுவது நமக்குச் சுலபம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபத்தை எடைபோடும் முன்மூளை இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது. அது இயற்கை, குற்றமல்ல. 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இளம் வயதினரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்ட வைத்தார்கள். தனியாக ஓட்டும்போது நிதானமாகத்தான் ஓட்டினார்கள். பக்கத்தில் நண்பர்கள் உட்கார்ந்ததும் துணிச்சல் கூடிவிட்டது! இருபத்துநான்கு வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அப்படியானால் பையனுக்குத் தேவை திட்டு அல்ல. நண்பர்கள் நடுவில் "நான் வரலைடா" என்று சொல்லும் தைரியம்.

பெரியவர்கள் மட்டும் ஒழுங்கா? இயன் மெக்காமன் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை நூற்றுக்கணக்கில் அலசி, மனம் ஏமாறும் வழிகளைப் பட்டியலிட்டார். "இது நமக்குப் பழக்கமான இடம்", "இவ்வளவு தூரம் வந்தாச்சு", "அண்ணனுக்கு எல்லாம் தெரியும்", "வேற யாரோ முன்னாடியே ஏறியிருக்காங்களே"... இப்படி! இவை வயது பார்த்து வருவதில்லை. மூத்தவர் செய்வதைத்தான் இளையவன் செய்கிறான். தகப்பன் கருவி கட்டாமல் கிளம்பினால், மகனும் கட்டமாட்டான்.

சொல்லிக்கொடுத்தால் கேட்பார்களா? கேட்கிறார்கள். 2003 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில் ஒரு பனிச்சரிவில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அதன்பின் அங்குள்ள பனிச்சரிவு மையம் பள்ளிகளுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தை 2004-ல் தொடங்கியது. "போகுமுன் தெரிந்துகொள்" என்பது அதன் பெயர். அதே 2003 பிப்ரவரியில் கனடாவின் ரோஜர்ஸ் கணவாய் அருகே சறுக்குப் பயணம் போன பள்ளி மாணவர்கள் ஏழு பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு, தேசியப் பூங்காக்களில் சிறார் குழுக்களை அழைத்துப்போகும் விதிகள் கடுமையாயின. மலையின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு ஆபத்து என்று தரம் பிரிக்கும் முறை வந்தது. 2004-ல் நாடு முழுமைக்கும் ஒரு பனிச்சரிவு மையமும் உருவானது. இன்று அதன் பெயர் அவலாஞ்ச் கனடா. தினமும் மலை நிலவரம் வெளியிடுகிறது. காசு வாங்குவதில்லை.

அதிலும் ஒரு நுணுக்கம். அபாயத்துக்கு ஐந்து படிகள். மூன்றாவது படியைப் பார்த்து, "நடுவில்தானே இருக்கு, பரவாயில்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். அதிகமான உயிரிழப்பு நடப்பதே அந்த மூன்றாவது படியில்தான்!

என் கருத்து

வண்டி ஓட்டாதே என்று தடை போடச் சொல்லவில்லை. தடை போட்டால் பிள்ளை போவான், சொல்லாமல் போவான். வீட்டுக்குத் தெரியாத பயணம்தான் பெரிய ஆபத்து. நான் சொல்வது வரிசை மாற வேண்டும் என்பதுதான். முதலில் பயிற்சி, அடுத்து கருவி, கடைசியில் வண்டி. இப்போது நடப்பது தலைகீழ். பெரிய எஞ்சின் வண்டிக்குக் கடன் வாங்குகிறார்கள், மண்வாரிக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். கனடாவில் பனிச்சரிவுப் பயிற்சியின் முதல் படி இரண்டே நாள். ஸ்னோமொபைல்காரர்களுக்கென்றே தனி வகுப்பும் உண்டு. நம் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போகிறோம். மலை ஏற இரண்டு நாள் முடியாதா?

"என் பையன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாடகை வண்டி எடுக்கிறான், இதெல்லாம் வேணுமா?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு: வேண்டும் அம்மா. மலைக்கு அது முதல் தடவையா நூறாவது தடவையா என்று தெரியாது. பயிற்சி இல்லையென்றால் பதிவுபெற்ற வழிகாட்டியோடு போகட்டும். அதுவும் இல்லையென்றால், சரிவே இல்லாத சமதரைப் பாதையில் ஓட்டட்டும். சந்தோஷத்துக்குக் குறைவிருக்காது.

அடுத்த தடவை போட்டோ வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

* இன்றைக்கு மலை நிலவரம் என்ன படி என்று பார்த்தாயா?

* உன் உடம்பிலும் கூட வரும் எல்லார் உடம்பிலும் டிரான்ஸ்சீவர் இருக்கிறதா? கம்பியும் மண்வாரியும் முதுகில் இருக்கிறதா?

* தேடி எடுக்கப் பழகியிருக்கிறீர்களா? கடைசியாக எப்போது பழகினீர்கள்?

* எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று யாரிடம் சொல்லியிருக்கிறாய்?

* குழுவில் ஒருவன் "வேண்டாம்" என்றால் எல்லாரும் திரும்பிவிடுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். "அதெல்லாம் கிண்டல் பண்ணுவாங்கம்மா" என்று சிரித்தால், அந்தக் குழுவே சரியில்லை.

மருத்துவனாக இன்னும் சில வார்த்தை. புதைந்தவனைத் தோண்டும்போது முதலில் தலை, பிறகு மார்பு வெளியே வர வேண்டும். வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுக்க வேண்டும். மூச்சில்லை என்றால், மார்பை அழுத்தினால் மட்டும் போதாது, வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். ஏனென்றால் இவனுக்குக் குறைந்தது காற்று. குளிர்ந்த உடம்பை அசைத்துக் குலுக்கக் கூடாது. கை காலைச் சூடு பறக்கத் தேய்க்கக் கூடாது. தைலம் வேண்டவே வேண்டாம், நான் கொடுத்த தைலமாகவே இருந்தாலும்! பிராந்தி கொடுப்பது பெரும் தவறு. ஈரத்தை நீக்கிப் போர்த்தி, படுத்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"நமக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குல்மார்க்கிலும் மணாலி பக்கத்திலும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பனி ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள். 2023 ஏப்ரல் 4-ம் தேதி சிக்கிமின் நாதுலா பாதையில் பனிச்சரிவு விழுந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வடக்கே போகிறவர்கள், ராணுவமும் போலீஸும் போட்ட எல்லையைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே தாண்டினால், அவன் பெரியவனாகி எந்த எல்லையில் நிற்பான்?

பிள்ளைக்குச் சுக்குத்தூள் பொட்டலம் கட்டும்போது, கூடவே அந்தப் பயிற்சி வகுப்புக்கான பணத்தையும் அனுப்பிவிடுங்கள். பிறந்தநாள் பரிசாகவே அனுப்புங்கள். வாங்கும்போது பையன் முகம் சுளிப்பான். பரவாயில்லை, சுளிக்கட்டும்.